நொடிக்கு எத்தனை டிகிரி?

வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை வீசுகிறார். கையை விட்டுக் கிளம்பிய பந்து அரை நொடிக்குள் மட்டையாளரை எட்டிவிடுகிறது. வழியில் காற்றும் தரையும் அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். கணக்கின் வசதிக்காக அதை விட்டுவிடுவோம். பந்து நொடிக்கு 39 மீட்டர் என்ற ஒரே வேகத்தில் வருகிறது, மட்டையாளரின் கண்ணுக்கு அரை மீட்டர் பக்கவாட்டில் கடந்து போகப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பந்தை மறந்துவிட்டு, அவருடைய கண்ணுக்குள் விழும் அதன் பிம்பத்தைக் கவனிப்போம்.

கண்ணுக்குள் நகரும் பிம்பத்தின் வேகத்தைக் கோணத்தில்தான் அளக்க வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய 2 டிகிரி. முழுநிலவின் அகலம் அரை டிகிரி. பந்து 17 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அதன் பிம்பம் நொடிக்குச் சுமார் 4 டிகிரி வேகத்தில் நகர்கிறது. 10 மீட்டருக்கு வந்ததும் அது 11 டிகிரி ஆகிறது. 2 மீட்டருக்கு வரும்போது 260 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. பந்தின் வேகம் கடுகளவும் மாறவில்லை. பிம்பத்தின் வேகமோ அரை நொடிக்குள் 60 மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. மூளைக்குக் கிடைப்பது இந்தப் பிம்பத்தின் வேகம் மட்டும்தான்.

அதுவும் நேராகக் கிடைப்பதில்லை. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தில் வெளிச்சம் கூடுகிறதா, குறைகிறதா என்பதை மட்டுமே சொல்லும். அவற்றில் எதனிடமும் வேகம் என்ற செய்தி இல்லை. குறைந்தது இரண்டு இடங்களில், இரண்டு கணங்களில் நடந்தவற்றை யாராவது ஒப்பிட்டால்தான் அந்தச் செய்தி பிறக்கும். ஒளியை வாங்குவது போல வேகத்தை வாங்க முடியாது. நரம்புகள் அதைக் கணக்கிட்டு எடுக்கின்றன. அந்தக் கணக்கை யார் போடுகிறார்கள், விடை மூளைக்குள் எந்த வடிவில் எழுதப்படுகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

வண்டு போட்ட பெருக்கல்

முதல் தெளிவான விடை ஒரு வண்டிடமிருந்து வந்தது. 1950களில் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹாசன்ஸ்டைன் என்ற உயிரியலாளரும் வெர்னர் ரைஹார்ட் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, குளோரோஃபேனஸ் என்ற சிறிய மூக்கு வண்டை ஆராய்ந்தார்கள். வண்டின் முதுகை ஒரு கம்பியில் ஒட்டி அந்தரத்தில் நிறுத்தினார்கள். அதன் கால்களில் எடை குறைந்த கூண்டு போன்ற ஓர் உருண்டையைக் கொடுத்தார்கள். மெல்லிய குச்சிகளை வளைத்து இணைத்த உருண்டை அது; எந்தக் குச்சியில் போனாலும் வழி இரண்டாகப் பிரியும். வண்டு தான் நடப்பதாக நினைத்துக் கால்களை எடுத்து வைக்கும். உடல் நகராது, காலடியில் உருண்டைதான் சுழலும். ஒவ்வொரு பிரிவிலும் வண்டு இடப்பக்கம் போனதா, வலப்பக்கம் போனதா என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

வண்டைச் சுற்றி ஓர் உருளை. அதன் உட்புறத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள். உருளை வலப்பக்கம் சுழன்றால் வண்டும் வலப்பக்கத்தையே அதிகம் தேர்ந்தெடுத்தது. சுற்றுப்புறம் நகர்ந்தால் அதோடு சேர்ந்து திரும்பித் தன் நிலையைக் காத்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் இது. பிறகு பட்டைகளை எளிமையாக்கி, அடுத்தடுத்த இரண்டு இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார்கள். முதல் இடத்தில் வெளிச்சம் கூடி, அடுத்த இடத்திலும் கூடினால் வண்டு அந்தத் திசையில் திரும்பியது. முதல் இடத்தில் குறைந்து, அடுத்த இடத்திலும் குறைந்தாலும் அதே திசைதான். ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் எதிர்த்திசையில் திரும்பியது!

கூட்டலுக்குக் கூட்டல் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தலும் கூட்டல், ஒன்று மாறினால் கழித்தல். பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கல் குறி விதி இது. வண்டின் நரம்புகளுக்குள் எங்கோ பெருக்கலுக்கு நிகரான ஒன்று நடக்கிறது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். 1956ல் வெளியான அவர்களுடைய மாதிரி இன்றும் அசைவு ஆய்வின் அடித்தளம். அண்டை அண்டையாக இரண்டு ஒளிவாங்கிகள். முதலாவதன் சமிக்ஞை சற்றுத் தாமதமாக வருகிறது. இரண்டாவதன் சமிக்ஞை உடனே வருகிறது. இரண்டும் ஓரிடத்தில் பெருக்கப்படுகின்றன. பொருள் முதலாவதைக் கடந்து இரண்டாவதை எட்ட எடுக்கும் நேரமும், அந்தத் தாமதமும் பொருந்தினால் இரண்டு சமிக்ஞைகளும் ஒரே கணத்தில் சந்திக்கும், விடை பெரிதாகும். எதிர்த்திசையில் வந்தால் அவை சந்திக்கவே சந்திக்காது.

1965ல் ஹொரஸ் பார்லோவும் வில்லியம் லெவிக்கும் முயலின் விழித்திரையில் வேறொரு வழியைக் கண்டார்கள். அங்கே வேண்டிய திசைக்கு ஊக்கம் தருவதைவிட, வேண்டாத திசையைத் தடுப்பதுதான் முக்கிய வேலையாக இருந்தது. எதிர்த்திசையில் பொருள் வந்தால், பக்கத்து இடத்திலிருந்து தாமதமாக வரும் ஒரு தடைச் சமிக்ஞை அந்தச் செல்லை வாய்மூட வைத்துவிடும். இரண்டில் எது சரி என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. பழ ஈயின் மூளைக்குள் டி4, டி5 என்ற நுண்ணிய நியூரான்கள் இருக்கின்றன. 2013ல் அலெக்சாண்டர் போர்ஸ்ட் குழுவினர் இவற்றின் வேலையைப் பிரித்துக் காட்டினர்: டி4 வெளிச்சம் கூடும் விளிம்புகளின் அசைவைப் பார்க்கிறது, டி5 வெளிச்சம் குறையும் விளிம்புகளின் அசைவைப் பார்க்கிறது. இரண்டிலும் முன், பின், மேல், கீழ் என்று திசைக்கு ஒன்றாக நான்கு வகைகள். 2016ல் அதே குழு இன்னும் நுணுகிப் பார்த்தபோது, ஒரே செல்லுக்குள் ஒரு பக்கம் ரைஹார்ட் சொன்ன ஊக்கமும், மறுபக்கம் பார்லோ சொன்ன தடையும் சேர்ந்தே இருந்தன. அறுபது ஆண்டு வழக்கில் இரு தரப்பும் வென்றன.

திசை கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை

இந்த மாதிரி திசையை அழகாகச் சொல்லிவிடும். வேகத்தைச் சொல்வதில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நொடிக்கு எத்தனை கம்பங்கள் கடக்கின்றன என்று எண்ணி வேகத்தைச் சொல்லப் பார்ப்பதைப் போன்றது அது. கம்பங்கள் நெருக்கமாக நடப்பட்டிருந்தால் மெதுவாகப் போகும் ரயிலும் வேகமாகப் போவதாகத் தோன்றும். தள்ளித் தள்ளி நடப்பட்டிருந்தால் விரைவு ரயிலும் மந்தமாகத் தெரியும். கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் தெரிந்தால்தான் எண்ணிக்கை வேகமாக மாறும்.

ரைஹார்ட் மாதிரியும் அப்படித்தான். ஒரு நொடிக்குள் எத்தனை பட்டைகள் தன்னைக் கடக்கின்றன என்பதற்கே அது முக்கியமாக அசைகிறது. ஈக்களின் திரும்பும் அனிச்சையும் அப்படியே இருக்கிறது. பட்டையின் அகலத்தை மாற்றினால், எந்த வேகத்தில் ஈ அதிகமாகத் திரும்பும் என்பதும் மாறிவிடுகிறது. காற்றில் நிலை தடுமாறாமல் இருக்க இது போதும். ஒரு பொருளின் உண்மையான வேகத்தைத் தெரிந்துகொள்ள இது போதாது.

எல்லாப் பூச்சிகளும் இதோடு நின்றுவிடவில்லை. பெங்களூரில் பொறியியல் படித்து, ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தேனீக்களை ஆராய்ந்தவர் மாண்டயம் சீனிவாசன். அவரும் சகாக்களும் தேனீக்களை ஒரு குறுகிய சுரங்கப்பாதை வழியாகப் பறக்கப் பழக்கினார்கள். இரண்டு பக்கச் சுவர்களிலும் பட்டைகள். தேனீ எப்போதும் சரியாக நடுவில் பறந்தது. பிறகு ஒரு சுவரை, தேனீ பறக்கும் திசையிலேயே நகர்த்தினார்கள். அந்தப் பக்கத்துப் பிம்பத்தின் வேகம் குறைந்தது. தேனீ அந்தச் சுவரை ஒட்டிப் பறந்தது. எதிர்த்திசையில் நகர்த்தினால் விலகிப் பறந்தது. இரு கண்களிலும் பிம்பத்தின் வேகம் சமமாக இருக்கும்படி அது தன் பாதையைத் திருத்திக்கொள்கிறது என்பது தெரிந்தது. ஒரு சுவரில் மெல்லிய பட்டை, மறு சுவரில் தடித்த பட்டை என்று மாற்றியும் பார்த்தார்கள். தேனீ நடுவழியை விட்டு விலகவில்லை. அது பட்டைகளை எண்ணவில்லை. பிம்பத்தின் வேகத்தையே அளக்கிறது.

இதே அளவை வைத்துத்தான் தேனீ தரையிறங்குகிறது. தரையின் பிம்பம் நகரும் வேகம் மாறாதபடி பார்த்துக்கொண்டே கீழே வருகிறது. தரை நெருங்க நெருங்க, அதே பிம்ப வேகத்தைக் காக்க அது தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தரையைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய பூஜ்யம். உயரம் எவ்வளவு, பறக்கும் வேகம் எவ்வளவு என்று எதையும் தனித்தனியாக அறியாமலே பத்திரமாக இறங்கிவிடுகிறது. பிற்பாடு சிறு ஆளில்லா விமானங்களை இயக்கவும் இந்த முறை உதவியது.

அசைவு தொலைந்த பெண்

நம் மூளைக்கு வருவோம். 1983ல் மியூனிக் நகரத்தைச் சேர்ந்த யோசஃப் ட்ஸீலும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் ரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பால், பின்புறத்தில் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்ட பெண்மணி அவர். நிறங்கள் தெரிந்தன. உருவங்களை அடையாளம் கண்டார். படிக்க முடிந்தது. ஆனால் அசைவு போய்விட்டது. கோப்பையில் தேநீரை ஊற்றினால் அது வழிந்தோடுவது தெரியவில்லை. உறைந்த பனிக்கட்டி போல நின்றது. கோப்பை நிறைவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. அறையில் நாலு பேர் நடமாடினால், இங்கே இருந்தவர் திடீரென்று அங்கே இருந்தார். நடுவில் அவர் நகர்ந்தது தெரியாது. சாலையைக் கடக்க முடியவில்லை. தூரத்தில் தெரிந்த கார் அடுத்த கணம் பக்கத்தில் இருந்தது. கார் இருப்பது தெரிகிறது, அதன் வேகம் மட்டும் தெரியவில்லை. நாளடைவில் வண்டிகளின் ஓசை எப்படி வலுக்கிறது என்பதைக் கேட்டுத் தூரத்தை ஊகிக்கப் பழகிக்கொண்டார்.

இப்படி அசைவை மட்டும் தனியாக இழக்க முடிகிறதென்றால், மூளையில் அதற்கென்றே ஓர் இடம் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தைக் குரங்குகளில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். 1971ல் ஜான் ஆல்மனும் ஜான் காஸும் ஆந்தைக் குரங்கில் ஒரு பகுதியை அடையாளம் கண்டு அதற்கு எம்.டி. என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு ரொனால்ட் டப்னரும் செமிர் ஸெகியும் மக்காக் குரங்கில் அதே பகுதியில் நியூரான்கள் அசைவின் திசைக்கு மிகவும் கூர்மையாக இருப்பதைக் காட்டினார்கள். ஸெகி இதை வி5 என்று அழைத்தார். மனித மூளையில் இது காதுக்கு மேலே, பின்புறமாக, மேற்பரப்பின் மடிப்புகளுக்குள் இருக்கிறது.

ஒரு நியூரானைக் கேட்பது

எம்.டி. ஆய்வு நடக்கும் கூடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பழக்கப்பட்ட குரங்கு ஒன்று திரையின் நடுவில் உள்ள ஒரு புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணை அசைக்காமல் இருந்தால் அதற்கு ஒரு சொட்டுப் பழச்சாறு பரிசு. முடியைவிட மெல்லிய முனை கொண்ட உலோக மின்முனை, அதன் மூளையில் ஒரே ஒரு நியூரானுக்கு அருகே நிற்கிறது. அந்த நியூரான் ஒவ்வொரு முறை மின்துடிப்பு விடும்போதும் ஒலிபெருக்கியில் 'டக்' என்று ஒரு சத்தம். முதலில் அந்த நியூரான் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது, எந்தத் திசை அதற்குப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அந்த இடத்தில், அந்தத் திசையில், புள்ளிக் கூட்டம் ஒன்றைப் பல வேகங்களில் ஓடவிடுகிறார்கள்.

புள்ளிகள் நொடிக்கு 2 டிகிரியில் நகரும்போது எப்போதோ ஒரு 'டக்'. 8 டிகிரிக்கு ஏற்றினால் தூறல்போலச் சத்தம் கூடுகிறது. 16 டிகிரியில் மழையாகப் பொழிகிறது. 32க்குப் போனால் மீண்டும் தூறல். 128ல் மௌனம். வேகம் கூடக் கூடத் துடிப்பும் கூடும் என்று எதிர்பார்த்தால் அது நடக்கவில்லை. ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்த வேகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகப் போக ஆர்வம் குறைகிறது. 1983ல் ஜான் மான்செலும் டேவிட் வான் எஸ்ஸனும் இப்படி நியூரான் நியூரானாக அளந்தார்கள். பிடித்த வேகங்கள் நொடிக்கு 2 டிகிரியிலிருந்து 256 டிகிரி வரை பரந்திருந்தன. மட்டையாளரை நோக்கி வந்த பந்தின் பிம்ப வேகம் 4ல் தொடங்கி 260ல் முடிந்தது. ஏறக்குறைய அந்த முழு எல்லையிலும் யாராவது ஒரு நியூரான் காவலுக்கு நிற்கிறது.

பட்டைகளை எண்ணும் சிக்கல் இங்கே தீர்ந்ததா? ஓரளவுக்குத் தீர்கிறது. எம்.டி.க்கு முந்தைய பார்வைப் பகுதியான வி1ல் பெரும்பாலான நியூரான்கள் இன்னும் கம்பங்களைத்தான் எண்ணுகின்றன. எம்.டி.யில் ஒரு பகுதி நியூரான்கள், பட்டை மெல்லியதோ தடித்ததோ, ஒரே வேகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. 2003ல் நிக்கோலஸ் பிரீபே, கார்லோஸ் கசனெல்லோ, ஸ்டீபன் லிஸ்பெர்கர் மூவரும் ஒரே அளவுப் பட்டைக்குப் பதிலாகப் பல அளவுப் பட்டைகள் கலந்த உருவத்தைக் காட்டியபோது இந்தத் திறமை இன்னும் கூர்மையாயிற்று. வெளியுலகில் எந்தப் பொருளும் ஒரே அளவுப் பட்டையால் ஆனதில்லை. மெல்லியதும் தடித்ததும் கலந்தே இருக்கும். அவை எல்லாமே ஒன்றாக நகரும்போது வேகத்தைப் பிரித்தெடுக்க வழி பிறக்கிறது.

எம்.டி. நியூரான்கள் அசைவை வெறுமனே எதிரொலிக்கவில்லை, நாம் காண்பதையே அவை தீர்மானிக்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. 1990ல் டேனியல் சால்ஸ்மன், கென்னத் பிரிட்டன், வில்லியம் நியூசம் மூவரும், குரங்கு புள்ளிகளின் திசையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்போது எம்.டி.யில் ஓரிடத்தில் நுண்ணிய மின்சாரத்தைச் செலுத்தினார்கள். அந்த இடத்து நியூரான்கள் விரும்பும் திசைப் பக்கம் குரங்கின் தீர்ப்பு சாய்ந்தது. வேகத்தைப் பற்றிய தீர்ப்பும் எம்.டி. நியூரான்களின் துடிப்போடு இணைந்திருப்பதை 2005ல் ஜிங் லியுவும் நியூசமும் காட்டினார்கள்.

தனியாக யாருக்கும் தெரியாது

இனிதான் உண்மையான புதிர். 16 டிகிரியை விரும்பும் நியூரான் 8 டிகிரிக்கும் தூறல், 32 டிகிரிக்கும் தூறல் என்றோமே. தூறல் சத்தத்தை மட்டும் கேட்டால் வேகம் 8ஆ 32ஆ என்று எப்படிச் சொல்வது? புள்ளிகள் மங்கலாக இருந்தாலும் துடிப்பு குறையும். போதாததற்கு, அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் ஒரு நியூரான் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் துடிப்பதில்லை. ஆக, எந்தத் தனி நியூரானுக்கும் வேகம் தெரியாது. ஆனால் கூர்மையான பார்வை உள்ள ஒருவர் இரண்டு வேகங்களுக்கு இடையே 5 சதவீத வேறுபாட்டைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். நொடிக்கு 10 டிகிரிக்கும் பத்தரை டிகிரிக்கும் உள்ள வேறுபாடு அது!

விடை கூட்டத்தில் இருக்கிறது. மூன்று நியூரான்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். முதலாவதற்குப் பிடித்த வேகம் 8, இரண்டாவதற்கு 16, மூன்றாவதற்கு 32. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரட்டிப்பு என்பதால் படி எண் கொடுத்துக்கொள்வது எளிது. 2 டிகிரி முதல் படி, 4 இரண்டாம் படி. அப்படியே 8, 16, 32 மூன்றும் முறையே 3, 4, 5ஆம் படிகள். ஏதோ ஒரு பொருள் நகர்கிறது. மூன்று நியூரான்களும் நொடிக்கு 30, 30, 10 முறை துடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் படியையும் அதன் துடிப்பால் பெருக்கிக் கூட்டினால் 90, 120, 50 சேர்ந்து 260. மொத்தத் துடிப்பு 70. வகுத்தால் 3.7ஆம் படி, வேகத்தில் சொன்னால் நொடிக்கு 13 டிகிரி. மூவரில் யாருக்கும் பிடித்த வேகம் 13 இல்லை. அது மூவருக்கும் இடையிலிருந்து வந்தது.

இந்தக் கணக்கின் நயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பொருள் மங்கி, எல்லாத் துடிப்புகளும் பாதியாகிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 15, 15, 5. இப்போது 130ஐ 35ஆல் வகுத்தால் அதே 3.7. தனி நியூரானைக் குழப்பிய மங்கல், கூட்டத்தைக் குழப்பவில்லை. ஆயிரக்கணக்கான நியூரான்கள் சேரும்போது ஒவ்வொன்றின் தடுமாற்றமும் மற்றவற்றால் ஈடுகட்டப்பட்டு விடை துல்லியமாகிறது. இரட்டிப்புப் படிகளை நான் வசதிக்காக மட்டும் எடுக்கவில்லை. 2005ல் ஹாரிஸ் நோவர், சார்லஸ் ஆண்டர்சன், கிரெகரி டிஆஞ்சலிஸ் மூவரும், எம்.டி. நியூரான்கள் வேகத்தை இப்படி மடங்குக் கணக்கில்தான் பதிவு செய்கின்றன என்று காட்டினார்கள். 10க்கும் 20க்கும் உள்ள இடைவெளியும் 50க்கும் 100க்கும் உள்ள இடைவெளியும் அவற்றுக்குச் சமம். நம்மால் வேறுபாட்டைச் சதவீதத்தில்தான் உணர முடிகிறது என்பதற்கு இது காரணத்தைக் கொடுக்கிறது.

இந்த விடையைக் கண்களே முதலில் பயன்படுத்துகின்றன. நகரும் பொருள் ஒன்று தோன்றிய பத்தில் ஒரு நொடிக்குள் கண் அதைத் தொடர ஆரம்பித்துவிடும். கண் எந்த வேகத்தில் கிளம்புகிறது என்பதை அளந்தால், எம்.டி. கூட்டம் போட்ட கணக்கின் விடையை வெளியிலிருந்தே படித்துவிடலாம். அந்தப் பத்தில் ஒரு நொடியும் மட்டையாளருக்கு மலிவானதல்ல. அதற்குள் நம் பந்து ஏறக்குறைய 4 மீட்டர் வந்துவிடும். ஆகவே வந்த பிறகு பார்ப்பது உதவாது, வரப்போகும் இடத்தைக் கணிக்க வேண்டும். 2000ல் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பந்து வெளிவந்த கணத்தில் அதைப் பார்த்துவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்குக் கண்கள் முன்கூட்டியே தாவிவிட்டன. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இன்னும் முன்னதாகத் தாவியது.

மெதுவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை

கூட்டத்தின் கணக்கு மங்கலால் பாதிக்கப்படாது என்று சொன்னேன். நம் பார்வை உண்மையில் அப்படி நடந்துகொள்வதில்லை. 1982ல் பீட்டர் தாம்சன் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார். பின்னணியிலிருந்து பளிச்சென்று துலங்கும் பட்டைகளும், கான்ட்ராஸ்ட் குறைந்த மங்கலான பட்டைகளும் ஒரே வேகத்தில் நகர்ந்தாலும், மங்கலானவை மெதுவாக நகர்வதாகத்தான் தெரியும். மிக அதிக வேகங்களைத் தவிர மற்றவற்றில் இது உறுதியான விளைவு.

ஏன் இப்படி? 2002ல் யாயிர் வைஸ், ஈரோ சிமோன்செல்லி, எட்வர்ட் அடெல்சன் ஒரு விளக்கம் தந்தார்கள். கண் முன் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை அசையாமல் இருப்பவை, அல்லது மெதுவாக நகர்பவை. அந்த அனுபவத்தை மூளை ஒரு நம்பிக்கையாக வைத்திருக்கிறது. சாட்சியம் பளிச்சென்று இருந்தால் சாட்சியத்தைக் கேட்கிறது. சாட்சியம் மங்கினால் பழைய நம்பிக்கைப் பக்கம் சாய்கிறது. பிரீபேயும் லிஸ்பெர்கரும் 2004ல் இதை எம்.டி. கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். நம் மூன்று நியூரான் கணக்கிலேயே அதைப் பார்த்துவிடலாம். வகுக்கும் எண்ணோடு ஒரு சிறிய மாறாத எண்ணை, 5 என்று வைத்துக்கொள்வோம், சேர்த்துவிடுங்கள். பளிச்சென்ற பொருளுக்கு 260ஐ 75ஆல் வகுக்கிறோம். விடை நொடிக்கு 11 டிகிரி. மங்கலான பொருளுக்கு 130ஐ 40ஆல் வகுக்கிறோம்; விடை ஒன்பதரை டிகிரி. துடிப்புகள் ஏராளமாக இருக்கும்போது அந்த 5 பெரிதாகத் தெரிவதில்லை. துடிப்புகள் குறையும்போது அது விடையைக் கீழே இழுத்துவிடுகிறது. எம்.டி. நியூரான்கள் எல்லாம் இந்த எளிய கணக்குக்கு அடங்குவதில்லை. கான்ட்ராஸ்ட் குறையும்போது அவற்றில் பலவற்றுக்குப் பிடித்த வேகமே மாறிவிடுகிறது என்று 2006ல் பார்ட் கிரெக்கல்பெர்கும் சகாக்களும் கண்டார்கள். எழுதப்பட்ட குறியீட்டை மூளையின் அடுத்த பகுதிகள் எப்படிப் படிக்கின்றன என்பது இன்று உயிரோட்டமுள்ள ஆராய்ச்சி.

இது ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம் மட்டுமல்ல. 1998ல் ராபர்ட் ஸ்னோடனும் சகாக்களும், கார் ஓட்டும் பாவனைக் கருவியில் காட்சி முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கினார்கள். ஓட்டியவர்கள் தாங்கள் மெதுவாகப் போவதாக எண்ணி வேகத்தைக் கூட்டினார்கள். 2012ல் பாவ்லோ பிரெட்டோ குழுவினர் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். உண்மையான மூடுபனியில் தூரத்துக் காட்சிதான் அதிகம் மறையும், அருகே சாலை தெளிவாகவே இருக்கும். அருகில் உள்ளவை கண்ணில் வேகமாக ஓடுவதால், அந்த வகை மங்கலில் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். மங்கல் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து, நம் வேக உணர்வு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். இரண்டிலும் வேகமானி காட்டும் எண் மட்டுமே மாறாமல் உண்மையைச் சொல்கிறது.

இதைவிட ஆபத்தான இடம் ரயில் பாதை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் வருகிறது. தண்டவாளத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒருவர் நின்று பார்க்கிறார். ரயில் 300 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அதன் பிம்பம் அவர் கண்ணில் நகரும் வேகம் நொடிக்கு ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு. எம்.டி. நியூரான்கள் பெரிதும் விரும்பும் வேகங்களுக்கு மிக மிகக் கீழே அது. ரயில் நிற்பது போலவே இருக்கும்; ஆனால் வந்து சேர 11 நொடிகூட ஆகாது. 100 மீட்டரில்கூட அரை டிகிரிதான். அப்போது மிச்சம் இருப்பது நான்கு நொடிக்கும் குறைவு. பிம்பம் நொடிக்கு 5 டிகிரியை எட்டி, 'வேகமாக வருகிறது' என்று மூளை உரக்கச் சொல்லும்போது ரயில் 30 மீட்டரில் இருக்கும். கையில் ஏறக்குறைய ஒரு நொடி. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பெரிய பொருள்கள் சிறியவற்றைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றுவது நம் பார்வையின் இயல்பு. கடவுப்பாதை விபத்துகளுக்கு இது ஒரு காரணம் என்று 1985லேயே ஹெர்ஷல் லைபோவிட்ஸ் எழுதினார்.

நம் எம்.டி. நியூரான்கள் பழுதாகி இந்தப் பிழைகளைச் செய்யவில்லை. நடப்பவை, ஓடுபவை, எறியப்படுபவை நிறைந்த உலகத்துக்காக உருவான கணக்கு இது. அந்த உலகத்தில் அது அபாரமாக வேலை செய்கிறது. நூறு டன் எடையுடன் நேராக நம்மை நோக்கி வரும் பொருள் அந்த உலகத்தில் கிடையாது. எத்தனை தேர்ந்த கண்ணாக இருந்தாலும், எத்தனை ஆண்டுப் பழக்கம் இருந்தாலும், தொலைவிலிருந்து நேராக வரும் ரயிலின் வேகத்தைச் சொல்வதற்குத் தேவையான தகவல் விழித்திரையில் போதிய அளவுக்கு இல்லை. 'ரயில் தூரத்தில்தானே இருக்கிறது, கடந்துவிடலாம்' என்று தோன்றுவது கவனக்குறைவால் மட்டும் வருவதல்ல. கவனமாகப் பார்ப்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால்தான் மூடிய கதவும் சிவப்பு விளக்கும் மணியோசையும் அங்கே தேவைப்படுகின்றன. மூளை எந்தக் கணக்கை நன்றாகப் போடும், எந்தக் கணக்கைப் போட அதனால் இயலாது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த விளக்குக்குக் கட்டுப்படுவது நம் பார்வையைப் பற்றிய அறிவோடு நடந்துகொள்வதாகும்.